ஓடை வளைவில் நின்ற புள்ளி

ஒரு மனிதர் செய்யாத ஒன்றை அவர் செய்ததாக நான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்கு வேலை போயிற்று. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரே மூச்சில் சொன்னால் இதிலும் ஒரு பொய் கலந்துவிடுகிறது. எந்த இடத்தில் கலக்கிறது என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் பிறரோடு பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமம் வேலைக்குச் சேரும் முன்பே வாங்கியது. நீண்ட காலம் மைக்கில்தான் பேசிவந்தேன். வயது ஏற ஏறக் காது மந்தமாயிற்று. இரைச்சலுக்கு நடுவே வரும் குரல்களைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அப்போது டிஜிட்டல் முறைகளுக்கு மாறினேன். அதில் காதுக்கு வேலை இல்லை. கணினி கேட்கும், கேட்டதைத் திரையில் எழுதிக் காட்டும்.

அதில் எனக்குப் பிடித்தது பீக்கன். ஒரு சிறிய கருவி, குறித்த இடைவெளியில், யாரும் கேட்காமலே தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். பெயர் என்றால் உரிமத்தோடு கொடுக்கப்படும் கால்சைன். அதனோடு ஜி.பி.எஸ். இணைத்துவிட்டால் தான் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும். தொலைவில் ஒரு வானொலி அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றினால், வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றும். புள்ளி நகரும். நகர்ந்த வழியெல்லாம் கோடு விழும். நானே எங்கும் போகாமல் என் பெயர் மட்டும் ஊர் சுற்றுவதைப் பார்ப்பதில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் எனக்கு இருந்தது.

என் வீட்டு மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தேன். அங்கிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் எந்த வளைவு வரை என் ஆன்டெனாவுக்குக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். மலைப்பாதையில் வண்டி ஓட்ட என் முழங்கால்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அடிக்கடி மலையேறும் ஒரு வண்டி வேண்டியிருந்தது.

கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பாய் எனக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய பிள்ளைகள் இருவர் என்னிடம் படித்தவர்கள். அவருடைய ஜீப் மலைக் கிராமத்துச் சின்னக் கடைகளுக்கு அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது புளி, கடுக்காய், காலத்துக்குத் தக்கபடி பலாப்பழம் கொண்டுவரும். அதில் ஒரு பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"உங்க பொட்டி, உங்க இஷ்டம் சார். டீசல் குடிக்காதே?" என்றார் பாய்.

ஜீப்பை ஓட்டியவர் நைனார்பாளையத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். எதையும் கேலியாகவே பேசுவார். நான் பெட்டியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பொருத்தி, கூரைமேல் காந்த ஆன்டெனாவை ஒட்டிவிட்டு இறங்கியபோது, பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குவதைக் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா சார் பண்ணும்?"

"சிக்னல் அனுப்பும். எங்க வரைக்கும் கேக்குதுன்னு நான் வூட்ல இருந்து பாப்பேன்."

"அப்ப எனக்கு ஒரு கிளீனர் வந்த மாதிரி. டீ கேக்காத கிளீனர்."

வண்டி எங்கே போகிறது என்பதும் வரைபடத்தில் தெரியும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விட்டேனா? அப்படி நினைவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்படித்தான் வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதில் இன்னொரு தவறும் இருந்தது. என் கால்சைனில் ஒரு கருவி ஒலிபரப்பும்போது அதன் பொறுப்பு என்னுடையது. நான் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது நினைத்த நேரத்தில் அதை நிறுத்தும் வழி என் கையில் இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் வண்டியில் அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பது சரியில்லை. வாங்கிய நாளிலிருந்து எனக்கு இது தெரியும். சின்னப் பெட்டி, குறைந்த சக்தி, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

முதல் சில பயணங்களில் புள்ளி அடிவாரம் வரை ஒழுங்காகப் போகும். மேலே மரங்களும் பாறையும் வானத்தை மறைக்கும் இடங்களில் ஜி.பி.எஸ். தடுமாறும். பெட்டி பேசாது. கோடு அறுந்துவிடும். எங்கள் ரேடியோ நண்பர்கள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன். "சார் வண்டி பள்ளத்துல உருண்டுடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள்.

அன்று மாலையே பெட்டியின் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். வானத்திலிருந்து புது இடம் கிடைக்காவிட்டால் கடைசியாகக் கிடைத்த இடத்தையே திரும்ப அனுப்பு. வண்டியை அணைத்தாலும் அந்த இடம் மறக்காதபடி நினைவில் எழுதவும் செய்தேன். ஒழுங்காகச் செய்த கருவி இடம் தெரியாதபோது வாயை மூடிக்கொள்ளும், அல்லது இது பழைய இடம் என்று ஓர் அடையாளமாவது சேர்க்கும். நான் அடையாளம் சேர்க்கவில்லை. சேர்த்தால் கோடு நிறம் மாறும், அழகாக இருக்காது. அடுத்த வாரம் கோடு அறுபடாமல் மலைமேல் ஏறியது. குழுவில் பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டுகளை மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

ஒரு நாள் காலை பாய் வீட்டுக்கு வந்தார். அவர் கடையை விட்டு எழுந்து வருகிற ஆள் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், உங்க பொட்டி வண்டி எங்க எங்க நின்னுச்சின்னு சொல்லுமா?"

"சொல்லும்."

"எவ்ளோ நேரம் நின்னுச்சின்னும்?"

"அதுவும் சொல்லும்."

விஷயம் வெல்லம். கல்வராயன் மலையில் வெல்லம் மூட்டை மூட்டையாக ஏறினால் போலீஸ் கேட்கும். அது பாயசத்துக்குப் போவதில்லை, சாராய ஊறலுக்குப் போகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பாய் தன் ஜீப்பில் வெல்லம் ஏற்றுவதே இல்லை. ஆனால் அவருடைய ஜீப்பிலிருந்து வெல்ல மூட்டை இறங்குகிறது, ஓடை வளைவில் இறங்குகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"எங்க அத்தா வச்ச கட சார். நான் ஒரு நாளு ஸ்டேஷன் வாசல்ல நின்னன்னா, அவரு பேரும் போய்டும்."

நான் கணினியைத் திறந்தேன். முந்தைய பயணத்தின் கோடு வந்தது. ஓடை வளைவில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. முக்கால் மணி நேரம் அதே இடம். அதன் பிறகு வண்டி மலையின் மறுபக்கம் போய்விட்டதால் எதுவும் கேட்கவில்லை. மாலையில் திரும்பும்போது மறுபடி புள்ளிகள்.

நான் அப்போது என்ன சொன்னேன் என்பது எனக்கு மூன்று விதமாக நினைவிருக்கிறது. "இங்க முக்கா மணி நேரம் காட்டுது" என்று சொன்னதாக ஒரு நினைவு. "வண்டி இங்கே நின்றிருக்கிறது" என்று சொன்னதாக இன்னொன்று. வாயால் ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் திரையில் வைத்ததாகவும் ஒரு நினைவு. விரல் வைத்தது நிச்சயம். திரையில் விரல் பட்ட இடம் மங்கலாக இருந்ததும், நான் அதை வேட்டி நுனியால் துடைத்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

நான் சேர்த்த அந்த ஒரு வரி அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லையா? இதுதான் என்னை வதைக்கிற கேள்வி. மரத்தடியில் புள்ளி சில நிமிடம் நிற்கும், பிறகு தாவும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். முக்கால் மணி என்பதால் இது வேறு என்று நினைத்தேனா? அல்லது பாய் என் பெட்டியைத் தேடி வந்த பெருமையில் மறந்தேனா? ஞாபகம் வந்து, வந்ததைப் பாய்க்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டேனா? நேர்மையாகச் சொல்வதானால் எனக்குத் தெரியவில்லை.

பாய் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கணினியையும் எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாளு ஓடை வளைவுல நின்னியாப்பா?" என்று பாய் கேட்டார்.

"நின்னேன் பாய். ரேடியேட்டர் கொதிச்சிக்கினு இருந்துச்சி. தண்ணி ஊத்தினேன்." அந்தப் பாதையில் ஏறும் வண்டிகள் எல்லாம், கொதித்தால் அந்த ஓடையில் நின்றுதான் தண்ணீர் ஊற்றும்.

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும்."

பாய் என்னைப் பார்த்தார். நான், "முக்கா மணி" என்றேன். இது மட்டும் ஒரே விதமாகத்தான் நினைவிருக்கிறது.

டிரைவர் சிரித்துவிட்டார். "முக்கா மணி நேரம் அங்க இன்னா பண்ணுவேன் சார்? கொரங்குக்கு வெத்தல மடிச்சிக் குடுத்துக்கினு இருந்தேனா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "வெல்லம் எறக்கினியா?"

டிரைவரின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னது?"

"நீ சொல்லு."

"இல்ல பாய்."

"அப்ப முக்கா மணி நேரம்?"

"பத்து நிமிசம்னு சொன்னேனே."

"சாரோட பொட்டி பொய் சொல்லுமா?"

டிரைவர் என் மடியிலிருந்த கணினியைப் பார்த்தார். பெட்டி என்ன செய்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னிடம் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டி மூட்டைமேல் வைத்தார். சாவியைப் பாயின் மேஜையில் வைத்தார். வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டி. மழைக்கு நனையாதபடி உரச் சாக்கின் உள்ளுறையில் சுற்றி, ஆன்டெனா ஒயரை ஒழுங்காக எட்டு வடிவில் சுற்றிக் கட்டியிருந்தார். பாய் கழற்றிக் கொடுக்கச் சொன்னாராம்.

"எட்டு போட்டுச் சுத்தனா ஒயரு முறியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்டித்தான் சுத்திக்கிறேன், பாத்துக்கோங்க."

"சரிப்பா."

"இது இன்னாதான் சார் சொல்லுச்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரி கேட்டார். நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ விளக்கியவன். "அது ஒண்ணும் சொல்லாதுப்பா, சும்மா சிக்னல்" என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். டிரைவர் வேண்டாம் என்று படியிறங்கினார்.

"நீங்க ஏன் அந்த ஆளு மூஞ்சியப் பாக்கவே இல்ல?" என்று மனைவி கேட்டார்.

"பாத்தேனே."

"பொட்டியத்தான் பாத்துக்கினு இருந்தீங்க."

ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அதை உள் அறை மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. வரைபடத்தைப் பார்த்தேன். என் பெயர் கடைவீதியில், பாய் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதலில் பாய் வேறு ஏதோ பெட்டி வாங்கி வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படி ஒன்று சாத்தியமே இல்லை என்று அறிந்தும் அப்படித்தான் நினைத்தேன். பெட்டியை அணைத்தேன். புள்ளி நின்றது. போட்டேன். புதுப் புள்ளி அதே கடை வாசலில் விழுந்தது. பெட்டி என் மூக்குக்குக் கீழே இருந்துகொண்டு தான் கடைவீதியில் இருப்பதாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது. தளம் போட்ட அறைக்குள் அதற்கு வானம் தெரியவில்லை. தெரிந்த கடைசி இடத்தைச் சொல்கிறது. சொல்லச் சொன்னவன் நான்.

அப்போதே பாயிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. என்னிடம் காரணங்கள் இருந்தன. டிரைவர் அங்கே நின்றது உண்மை, அவரே ஒப்புக்கொண்டார். எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் சந்தேகம். ஜி.பி.எஸ். அன்று வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் என்ன? மற்ற நாட்களில் அந்த வளைவில் புள்ளி ஓரிரு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லையே? மேலும் வெளியே தெரிந்தால் என் உரிமம் என்னாவது? குழுவில் என்ன சொல்வார்கள்? இந்தக் காரணங்களை ஒவ்வொரு நாளும் வேறு வேறு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். உரிமத்தைக் கடைசியில் வைத்த நாட்களில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையில் கடைவீதியில் என் பெட்டிக்குப் பேர் வந்துவிட்டது. அரிசி மண்டிக்காரர் ஒருவர் தன் லாரிக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். "பொய்யே சொல்லாதாமே?" என்றார். நான் கண் சரியில்லை, பற்றவைக்க முடியவில்லை என்று தட்டிக் கழித்தேன்.

பிறகு ஒரு நாள் சர்க்கரை வாங்கப் போனபோது பாய் பேச்சுவாக்கில் சொன்னார்: "நம்ம பழைய டிரைவரு ஸ்கூல் வேனுக்குப் போறதா இருந்துச்சி சார். வேன்காரரு என்கிட்ட கேட்டாரு, ஆளு எப்டின்னு. நானு இன்னா சொல்றது? உங்க பொட்டி சொன்னத அப்டியே சொல்லிட்டேன்."

"வேல?"

"யோசிக்கிறேன்னு போய்ட்டாரு. புள்ளைங்க வேனாச்சே."

சர்க்கரையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் மனைவிக்கு அது இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் நைனார்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். முதலில் டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு பாயிடம் என்று எண்ணியிருந்தேன். அவர் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே களத்தில் வேறொருவருடைய டிராக்டரை ஓட்டி, மக்காச்சோளம் அடிக்கும் மெஷினுக்கு நிற்கிறார் என்றார்கள். போனேன். தூசியில் தலையெல்லாம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் இன்ஜினை நிறுத்தினார்.

"இன்னா சார், டிராக்டர்ல பொட்டி வைக்க வந்தீங்களா?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியைச் சொன்னேன். உள் அறை மேஜையைச் சொன்னேன். வகுப்பெடுப்பதுபோல் நீளமாகப் போய்விட்டது. அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வானம் தெரியலன்னா பழைய எடத்தையே சொல்லிக்கினு இருக்கும், அப்டித்தான?"

"ஆமா."

"அன்னிக்கு அதுக்கு வானம் தெரிஞ்சிருக்காது சார். ஓடையில தண்ணி ஊத்தும்போதே தூத்தல் போட ஆரம்பிச்சிடுச்சி. நம்ம ஜீப்புல கண்ணாடி ஓரமா ஒழுவும். சாரு பொட்டி நனஞ்சா கெட்டுப்பூடுமேன்னு எடுத்து சீட்டுக்கு அடியில, டூல்ஸ் பொட்டிக்குள்ள வச்சிட்டேன். திரும்பும்போது மழ இல்ல. மறுபடி மேல வச்சேன்."

இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார். கூரை ஆன்டெனாவின் ஒயர் மட்டும் அப்படியே வெளியே போயிருக்கிறது. பெட்டியால் பேச முடிந்தது, பார்க்க முடியவில்லை. அவர் அதை எடுத்துப் பத்திரமாக வைத்த இடம் ஓடை வளைவு. நான் மக்காச்சோளக் கட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க ஏன் அத அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டாங்க? வெல்லம் எறக்கினியான்னுதான் கேட்டாங்க."

பாயிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். நீங்கள் தவறே செய்யவில்லை என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவர் துண்டை உதறினார். களத்தில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தப்பே பண்ணலன்னு சொல்லாதீங்க சார்."

"ஏன்?"

"அன்னிக்கு இல்ல. வேற ஒரு நாளு ரெண்டு மூட்ட ஏத்திக்கினு போனேன். மலையில தெரிஞ்சவரு ஒருத்தரு கெஞ்சிக் கேட்டாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதே ஓடையிலதான் எறக்கினேன். நிமிசத்துல எறக்கிட்டேன். அதுக்கப்புறம் பயந்துகினு தொடல."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரைபடத்தில் தேடியிருப்பேன். தேடியிருந்தால் அங்கே ஒரு நிமிடம் நின்று போன சாதாரணப் புள்ளி ஒன்று இருந்திருக்கும்.

"அப்ப பாய் சொன்னது..."

"பாய் சொன்னது நெசம். பாய் சொன்ன நாளு நெசமில்ல." அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு அதுதான் சார் ஆத்திரம். பண்ண நாளு புடிச்சிருந்தா தலய குனிஞ்சிக்கினு போயிருப்பேன். பண்ணாத நாளு புடிச்சி, எல்லாரு முன்னாடியும் சிரிக்க வச்சி..." துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். "அன்னிக்கு இல்லன்னு மட்டும் பாய்கிட்ட சொல்லுங்க. போதும். வேன் வேல வருதோ இல்லையோ."

"இத நான் எழுதலாமா?" என்று கேட்டேன். ஏன் அப்போது கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"பேரு போடாதீங்க. பொட்டியத் திட்டி எழுதுங்க" என்று சொல்லி இன்ஜினைப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் எதையும் ஒழுங்காக நினைக்க முடியவில்லை. குற்றமில்லாத ஒருவரைக் கெடுத்தேன் என்ற நினைப்போடு போனவன், குற்றம் செய்த ஒருவரை வேறொரு குற்றத்துக்காகக் கெடுத்தவனாகத் திரும்பினேன். பாரம் குறைந்திருக்க வேண்டும் என்று பார்த்தால் குறையவில்லை. ஏறியிருக்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை. சின்னசேலத்தில் பஸ் மாற வேண்டியதை மறந்து, நடத்துநர் சொன்ன பிறகு இறங்கினேன்.

நேரே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நாற்காலி போடச் சொன்னார். நான் வாசலிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பெட்டி அன்று பொய் சொன்னது, பொய் சொல்லும்படி செய்தவன் நான், இது தெரிந்தும் இத்தனை நாள் வாயை மூடியிருந்தவனும் நான். சீட்டுக்கு அடியில் வைத்ததைச் சொன்னேன். உரிமத்தைப் பற்றியும் சொன்னேன். அது அங்கே யாருக்கும் புரியவில்லை. கடைப் பையன் ஒருவன், "அப்ப கொரங்குக்கு வெத்தல மடிக்கலையா சார்?" என்றான். பாய் அவனை உள்ளே போகச் சொன்னார்.

"அப்ப அன்னிக்கு அவன் நேராதான் போயிருக்கான்."

"ஆமா பாய்."

"பத்து நிமிசம்னு சொன்னது நெசம்."

"நெசம்."

அவர் மேஜைமேல் இருந்த சில்லறையைத் தள்ளி ஒதுக்கினார். "வேற நாளு?"

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருந்தேனா, யோசிக்க மறுத்தேனா, அதுவும் தெரியவில்லை.

"வேற நாளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது பாய்."

இந்த ஒரு பொய்யை நான் முழுப் பிரக்ஞையோடு சொன்னேன். முன்பு அந்த மேஜைக்கு முன்னால் முக்கால் மணி என்று சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நம்புகிறேன். இது தெரிந்தே சொன்னது. இரண்டில் எது பெரிய தவறு என்று என்னைக் கேட்டால், ஒரு நாள் ஒன்று சொல்வேன், மறுநாள் மாற்றிச் சொல்வேன்.

பாய் போனை எடுத்தார். வேன்காரரிடம் பேசினார். "அந்த ஆள வச்சிக்கலாம். நானு சொன்னது தப்பு. சாரே வந்து சொல்லிட்டாரு... ஆமா, அந்தப் பொட்டி சாருதான்... ஓட்டறதுல நல்ல ஆளு. வச்சிக்கோ." போனைக் கீழே வைத்தார். எனக்கு டீ சொல்லச் சொன்னார். டீ வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"என்கிட்ட வந்து சொன்னவன் ரெண்டு மூட்டன்னு சொன்னான் சார். எந்த நாளுன்னு சொல்லல."

இரண்டு மூட்டை என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் என் பதிலுக்குக் காத்திருந்தாரா, அல்லது தனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியப்படுத்தினாரா? முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. யாரோ ஒரு கிலோ புளி கேட்டார்கள். அவர் எழுந்து நிறுக்கப் போனார். நான் ஆறிய டீயை வைத்துக்கொண்டு, இப்போது கிளம்ப வேண்டுமா, அவர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் அங்கேயே இருந்தேன்.